கேரவன் பிரேக் பிடிக்கவில்லை: வயரை மாற்றுவதா, டிரம்மைப் புதுப்பிப்பதா, டிஸ்க்குக்குப் போவதா?

மெல்போர்னில் இருக்கும் நண்பர் ஒருவர், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் இரண்டு அச்சுள்ள பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். தண்ணீர், சமையல் பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏற்றினால் 2,700 கிலோ. பள்ளி விடுமுறையில் கூமா வழியாகப் பேகாவுக்குப் புறப்பட்டார்கள். நிமிட்டபெல்லைத் தாண்டியதும் பிரவுன் மலை இறக்கம் வரும். வளைவுக்கு மேல் வளைவாக இறங்கும் அந்தச் சாலையில் காரின் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வரும்வரை மிதித்தும், பின்னால் இருந்த பாரம் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து பெம்போக்கா வந்து சேர்ந்தார்கள்.

வீடு திரும்பியதும் மூன்று பேரிடம் யோசனை கேட்டார். "டிஸ்க் பிரேக்குக்கு மாற்றிவிடுங்கள்" என்றது பட்டறை. "நான்கு சக்கரத்துக்கும் பிரேக் தட்டு புதிதாகப் போடுங்கள்" என்றார் உதிரிபாகக் கடைக்காரர். பல ஆண்டுகளாகக் கேரவன் இழுக்கும் ஓர் அண்ணன், "ஷூவை இறுக்கினால் போதும் தம்பி, காசை வீணாக்காதே" என்றார். மூவர் சொன்னதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான். நண்பரின் வண்டிக்கு எது சரி என்பதுதான் கேள்வி. படகும் கேரவனும் இழுக்கும் நம்மவர்கள் பலர் இதே குழப்பத்தோடு என்னிடம் வருகிறார்கள். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஆஸ்திரேலியாவில் ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க முடிய வேண்டும். அத்தனை எடையுள்ள ட்ரெய்லர் இணைப்பு அறுந்து தனியே ஓடினால் பிரேக் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும். நண்பரின் வண்டியில் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருந்தது. வேலை செய்யவில்லை என்பதுதான் குறை.

## டிரம்முக்குள் என்ன நடக்கிறது

நண்பரின் கேரவனில் இருந்தது மின்சாரப் பிரேக். அந்தப் பெயரைக் கேட்டு, மின்சாரமே சக்கரத்தை நிறுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். மின்சாரத்தின் வேலை மிகச் சிறியது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் போன்ற டிரம்முக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. காரில் இருக்கும் கன்ட்ரோலர் என்ற பிரேக் கருவியிலிருந்து மின்னோட்டம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. டிரம் சுழலும் வேகம் காந்தத்தைத் தன்னோடு இழுக்கிறது. காந்தம் ஒரு நெம்புகோலின் நுனியில் இருப்பதால், அந்த இழுப்பு நெம்புகோலைத் திருப்பி, ஷூ எனப்படும் வளைந்த உராய்வுக் கட்டைகள் இரண்டையும் டிரம்மின்மேல் அழுத்துகிறது. காந்தம், நெம்புகோல், ஷூ எல்லாவற்றையும் தாங்கி, சுழலாமல் நிற்பதுதான் பிரேக் தட்டு. ஷூ டிரம்மில் பட்டபின், டிரம்மின் சுழற்சியே அதை இன்னும் இறுக்குகிறது.

பிரேக் பலவீனமாவதற்கான காரணங்களும் இந்தச் சங்கிலியிலேயே இருக்கின்றன. மின்னோட்டம் குறைந்தால் காந்தத்தின் பிடி தளரும். காந்தம் தேய்ந்திருந்தால் மின்னோட்டம் வந்தும் ஒட்டாது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமானால் நெம்புகோல் தன் வீச்சு முழுவதையும் வெறுமனே செலவழித்துவிடும். ஷூவில் கிரீஸ் ஊறிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூவர் சொன்ன மூன்று வழிகளோடு, அவர்கள் யாரும் சொல்லாத வயர் மாற்றத்தையும் சேர்த்து நான்கு வழிகளை ஒப்பிட ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, அந்த வழி எந்தப் பழுதைத் தீர்க்கிறது. இரண்டு, நீண்ட மலை இறக்கத்தில் சூடேறியபின் பிடி எப்படி இருக்கும். மூன்று, செலவு, அதுவும் கடைக்காரர் முதலில் சொல்லாத செலவு. நான்கு, பிறகு வரும் பராமரிப்பு. ஐந்து, நடுவழியில் பழுதானால் சமாளிக்க முடியுமா என்பது. என் பார்வையில் முதல் அளவுகோலுக்கே அதிக மதிப்பு. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கினால், மருந்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வண்டி நிற்கப்போவதில்லை.

| | ஷூவை இறுக்கிப் பழக்குதல் | வயரை மாற்றுதல் | பிரேக் தட்டை முழுதாக மாற்றுதல் | ஹைட்ராலிக் டிஸ்க் |
|---|---|---|---|---|
| தீர்க்கும் பழுது | அதிக இடைவெளி, பழகாத புது ஷூ | குறைந்த மின்னோட்டம், துருப்பிடித்த எர்த் | தேய்ந்த காந்தம், கிரீஸ் ஊறிய ஷூ | சூட்டில் பிடி தளர்தல், உப்புநீர்த் துரு |
| சூடான இறக்கத்தில் | டிரம்மின் எல்லைக்குள் | டிரம்மின் எல்லைக்குள் | டிரம்மின் எல்லைக்குள் | தெளிவாக மேல் |
| செலவு | நம் உழைப்பு மட்டும் | நூறு, இருநூறு டாலர்ப் பொருள் | சில நூறு டாலர் | பல ஆயிரம் டாலர் |
| மறைவான செலவு | சில ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை திரும்பச் செய்வது | கார்ப் பக்க வயரும் சேரலாம் | சீல், பேரிங், சில வேளை டிரம் | கன்ட்ரோலர், சக்கரம், கை பிரேக், எண்ணெய் |
| வழியில் பழுதானால் | ஜாக்கியும் ஸ்க்ரூடிரைவரும் போதும் | துண்டு வயரால் சமாளிக்கலாம் | உதிரி எளிதில் கிடைக்கும் | சிற்றூர்களில் சிரமம் |

## செலவழிக்கும் முன் அரை மணி நேரம்

இதைச் செய்யாமல் நான்கில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

காரிலிருந்து ட்ரெய்லர் பிளக்கைக் கழற்றுங்கள். நன்கு சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ட்ரெய்லர் பிளக்கின் நீல வயர் முனைக்கும் வெள்ளை வயர் முனைக்கும் நேரடியாகக் கொடுங்கள். ஆஸ்திரேலியத் தட்டைப் பிளக்கில் நீலம் ஐந்தாம் முனை, அதுதான் பிரேக். வெள்ளை மூன்றாம் முனை, எர்த். எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கு மட்டுமான மலிவு வகை இங்கே சுழியத்தையே காட்டும். சாதாரண மல்டிமீட்டரைத் தொடராக இணைக்கவும் வேண்டாம். பெரும்பாலானவற்றின் எல்லை 10 ஆம்பியர்தான், உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

10 அல்லது 12 அங்குல டிரம்மில் உள்ள காந்தத்தின் மின்தடை ஏறத்தாழ 3.2 ஓம். ஒவ்வொன்றும் 3 முதல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 முதல் 15 வரை காட்டினால் ட்ரெய்லர்ப் பக்க மின்சாரம் நலமாக இருக்கிறது. 9 காட்டினால் ஒரு காந்தம் செத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பேட்டரியில் 14 காட்டிவிட்டு, காரோடு இணைத்துக் கன்ட்ரோலரின் கைவிசையை முழுதாக அழுத்தினால் 9 ஆக விழுகிறதென்றால், பழுது காரிலோ கன்ட்ரோலரிலோ இருக்கிறது. ட்ரெய்லரில் கைவைக்கவே தேவையில்லை.

அடுத்தது சூட்டுச் சோதனை. சமதரைச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டி, பலமுறை பிரேக் போட்டு நிறுத்தியபின், அகச்சிவப்பு வெப்பமானியை ஒவ்வொரு டிரம்முக்கும் நேராகப் பிடியுங்கள். நண்பரின் வண்டியில் இடது முன் சக்கரம் 74 டிகிரி, இடது பின் 71, வலது முன் 68. வலது பின் சக்கரம் 33 டிகிரியில், கையால் தொடும்படி இருந்தது. அந்தச் சக்கரம் வேலையே செய்யவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

## முதல் வழி: ஷூவை இறுக்கிப் பழக்குதல்

அண்ணன் சொன்ன வழி. மின்னோட்டம் சரியாக இருந்து, நான்கு டிரம்மும் ஒரே அளவில் சூடாகி, ஆனாலும் பிடி மென்மையாக இருந்தால் இதுதான் மருந்து. சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டின் துளை வழியாக நட்சத்திர வடிவச் சரிசெய் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கையால் சுழற்ற முடியாத அளவுக்கு இறுகியதும், லேசான உரசல் மட்டும் மிஞ்சும்வரை தளர்த்த வேண்டும். ஜாக்கியை அச்சுக்குக் கீழே வைக்காமல் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே வையுங்கள், அச்சு வளைந்துவிடக்கூடும்.

புது பிரேக்கானால் முதல் 300 கிலோமீட்டரிலும், பிறகு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும். கண்டம் சுற்றக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். புது ஷூவைப் பழக்குவதும் அவசியம்: மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30 வரை, 20 முதல் 30 முறை, நடுவில் ஆறவிட்டு. பழக்காத ஷூ டிரம்மின் வளைவோடு முழுமையாகப் படியாது. புதிதாகப் போட்ட பிரேக் பழையதைவிட மோசம் என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

செலவே இல்லாத வழி என்பதால் எல்லோரும் இங்கிருந்தே தொடங்கலாம். கிரீஸ் ஊறிய ஷூவையோ செத்த காந்தத்தையோ மட்டும் எவ்வளவு இறுக்கியும் மீட்க முடியாது.

## இரண்டாம் வழி: வயரை மாற்றுதல்

எனக்குத் தெரிந்து அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான். கண்ணுக்குத் தெரியாத வயருக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆஸ்திரேலியக் கடைகளில் "6 எம்.எம். ஆட்டோ" என்று விற்கும் வயரில் 6 மில்லிமீட்டர் என்பது உறையோடு சேர்த்த தடிமன். உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர்தான். "4 எம்.எம். ஆட்டோ" என்றால் 1.8 சதுர மில்லிமீட்டர் அளவே. எண்ணைப் பார்த்து ஏமாந்து மெல்லிய வயரில் பிரேக்கை ஓட்டும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கு காந்தமும் இணையாகச் சேர்ந்தால் மின்தடை 0.8 ஓம். கார் பேட்டரியிலிருந்து கடைசிச் சக்கரம்வரை 12 மீட்டர், போய்வர 24 மீட்டர். பேட்டரி 12.6 வோல்ட். வயரில் இழப்பே இல்லையென்றால் 15.75 ஆம்பியர் ஓடும். மெல்லிய 4 எம்.எம். ஆட்டோ வயரில் அது 12.3 ஆகக் குறையும், 6 எம்.எம். ஆட்டோ வயரில் 14.1. துருப்பிடித்த பிளக்கும், சட்டத்தில் ஒற்றைத் திருகில் தொங்கும் எர்த் இணைப்பும் சேர்ந்தால் இன்னும் கீழே போகும். காந்தத்தின் பிடி மின்னோட்டத்தைப் பின்பற்றுவதால், இழந்த ஒவ்வொரு ஆம்பியரும் நிற்கும் தூரத்தில் தெரியும்.

பார்க்க வேண்டிய இன்னோர் இடம் அச்சுக்குழாயின் உட்புறம். ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்கு வயரைக் குழாய்க்குள் விட்டிருப்பார்கள். ஓடும் அதிர்வில் அது உள்ளே ஆடி, உறை உரிந்து, இரும்பில் படும். நண்பரின் வலது பின் சக்கரத்துக்குப் போன வயரை நாங்கள் இழுத்தெடுத்தபோது ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு பச்சைபிடித்து வெறுமனே கிடந்தது. புது வயரைக் குழாய்க்கு வெளியே, உறைக்குள் வைத்துக் கட்டினோம். ஒவ்வொரு காந்தத்தின் எர்த் வயரையும் சட்டத்தை நம்பாமல் பிளக்வரை தனி வயராகவே கொண்டுவந்து, இணைப்புகளை ஈயம் வைத்து, நீர் புகாத உறையால் மூடினோம். ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று. பிறகு அளந்தபோது 9 ஆக இருந்த மின்னோட்டம் 13.6 ஆம்பியருக்கு ஏறியிருந்தது.

மறைவான செலவு கார்ப் பக்கத்தில் இருக்கிறது. கன்ட்ரோலருக்குப் பேட்டரியிலிருந்து வரும் வயரும் மெல்லியதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். டாஷ்போர்டைக் கழற்றும் கூலி சேரும். கன்ட்ரோலரையே மாற்றுவதை நான் தனி வழியாக வைக்கவில்லை. காரின் வேகத்தளர்ச்சியை உணர்ந்து அதற்கேற்ப மின்னோட்டம் தரும் வகை, நேரக்கணக்கில் கூட்டும் பழைய வகையைவிட நிச்சயமாக மேல். ஆனால் சக்கரத்தில் பழுது இருக்கும்போது அதனால் எதுவும் செய்ய இயலாது.

## மூன்றாம் வழி: பிரேக் தட்டை முழுதாக மாற்றுதல்

டிரம்மைக் கழற்றிப் பார்த்தபின்தான் இதை முடிவு செய்ய முடியும். காந்தத்தின் முகத்தில் நேரான ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தால், அல்லது உள்ளே இருக்கும் செம்புச் சுருள் எட்டிப் பார்த்தால், காந்தம் போயிற்று. ஷூவில் கரிய பளபளப்பு இருந்து விரலில் பிசுபிசுத்தால் கிரீஸ். வெளியிலிருந்தே கிரீஸ் அடிக்கும் வசதியுள்ள அச்சுகளில் அளவுக்கு மீறி அடித்தால், கிரீஸை உள்ளே தடுத்து வைக்கும் வளையமான பின் சீலைத் தாண்டி அது நேராக ஷூவில் ஊறும். ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சூடேறியதும் ஊறியது மறுபடி வெளியே வரும்.

காந்தம், ஷூ, ஸ்பிரிங் என்று தனித்தனியே வாங்குவதைவிட, எல்லாம் பொருத்திய முழுத் தட்டாக வாங்குவதே நல்லது. விலை வித்தியாசம் சிறியது, வேலை நான்கைந்து போல்ட்டில் முடிகிறது. ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சீலும் அப்போதே புதிது போடுங்கள். டிரம்மின் உட்பரப்பில் ஆழமான வரிகள் இருந்தால் கடைசல் பிடிக்க வேண்டும், அல்லது அதையும் மாற்ற வேண்டும். இந்தச் செலவுகளைக் கடையின் விலைச்சீட்டு காட்டாது.

ஓர் எச்சரிக்கை. இந்தத் தட்டுகளில் இடது, வலது என்று உண்டு. குட்டையான லைனிங் (உராய்வுப் பட்டை) உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த ட்ரெய்லரை ஒரு பட்டறையில் விட்டு வாங்கியபோது, இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். மின்னோட்டம் சரி, ஷூ புதிது, பிடி மட்டும் பாதி. மூன்று வாரம் கன்ட்ரோலரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் டிரம்மைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் என் மகள் பின் இருக்கையில் இருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

கிரீஸ் ஊறியிருந்தாலும் காந்தம் தேய்ந்திருந்தாலும் இந்த வழியைத் தவிர்க்க முடியாது. உள்ளே எல்லாம் நலமாக இருந்து வயர் மட்டும் மோசமென்றால், புதுத் தட்டும் பழையதைப் போலவே பலவீனமாகப் பிடிக்கும்.

## நான்காம் வழி: ஹைட்ராலிக் டிஸ்க்

இதில் கன்ட்ரோலரின் மின்சாரக் குறிப்பு, ட்ரெய்லரின் முன்புறம் பொருத்திய ஒரு பம்புக்குப் போகிறது. பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. டிஸ்க் வகைக்கு ஏறத்தாழ 1,600 பி.எஸ்.ஐ. அழுத்தம். காலிபர்கள் எனும் கவ்விகள், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வுகின்றன.

சூட்டில் இதற்கு இணையில்லை. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், டிஸ்க்கில் அந்தச் சிக்கல் இல்லை. காற்றும் நேரடியாகப் படுகிறது. ஷூவை இறுக்கும் வேலையும் இல்லை. படகை உப்புநீரில் இறக்குகிறவர்களுக்கும் இதுவே பொருத்தம். டிரம்மும் காந்தமும் கடல்நீரில் நெடுநாள் தாங்காது; நீருக்கேற்ற பூச்சுள்ள டிஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் போதும்.

இனி விலைச்சீட்டில் இல்லாதவை. எல்லாக் கன்ட்ரோலரும் இந்தப் பம்போடு ஒத்துப்போகாது. வாங்கும் முன் கேளுங்கள். காலிபருக்கு இடம் போதாமல் சக்கரத்தை மாற்ற நேரலாம். கை பிரேக் உள்ள வண்டியானால் அதற்கேற்ற காலிபர் தேவை. பம்ப் தன் சக்திக்குத் தனித் தடித்த வயர் கேட்கும்; அதுவும் 15 நிமிட விதிக்கு உட்பட்டது என்பதால் ட்ரெய்லரின் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். எண்ணெயை அவ்வப்போது மாற்றிக் காற்றெடுக்க வேண்டும். பெடலை மிதித்ததும் அழுத்தம் ஏற ஒரு கண நேரம் பிடிப்பதையும் சில பம்புகளில் உணரலாம். உள்நாட்டுச் சிற்றூரில் பம்ப் நின்றுபோனால் உதிரிக்குக் காத்திருக்க வேண்டிவரும், டிரம்முக்கான காந்தம் அங்கேயே கிடைக்கும்.

3,000 கிலோவுக்கு மேல் இழுத்து மலைச்சாலைகளில் அடிக்கடி போகிறவர்கள், உப்புநீரில் படகு இறக்குகிறவர்கள், பத்து ஆண்டு வைத்திருக்கப்போகும் வண்டிக்காரர்கள்: இவர்களுக்கு நான் தயங்காமல் டிஸ்க்கையே சொல்வேன். ஆண்டுக்கு இரண்டு விடுமுறை, கடற்கரைச் சமதரை என்றால் அந்தப் பணத்தில் முதல் மூன்று வழிகளையும் முடித்துவிட்டு மீதியைப் பயணத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

## நண்பர் என்ன செய்தார்

வயரை மாற்றியதோடு பழுதில் பாதிக்குமேல் தீர்ந்தது. டிரம்மைக் கழற்றியபோது பின் அச்சில் ஒரு ஷூவில் கிரீஸ் இருந்தது. பின் அச்சுக்கு மட்டும் இரண்டு தட்டும் சீலும் புதிது போட்டோம். முன் அச்சில் ஷூவை இறுக்கினோம். பிறகு காலியான சாலையில் 25 முறை பிரேக் போட்டுப் பழக்கி, மணிக்கு 30 கிலோமீட்டரில் கைவிசையை மட்டும் அழுத்திப் பார்த்தோம். காரின் பெடலைத் தொடாமலே கேரவன் எங்களைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியது. நான்கு டிரம்மும் 70 டிகிரியை ஒட்டி இருந்தன. டிஸ்க்கை அவர் இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். வரும் ஈஸ்டர் விடுமுறையில் அதே பிரவுன் மலையை, இம்முறை உச்சியிலேயே கியரைக் குறைத்து, இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்கிறார். அடிவாரத்தில் பெம்போக்காவில் நிறுத்தி டிரம்களின் சூட்டை அளப்பதற்காக என் வெப்பமானியையும் வாங்கிப் போயிருக்கிறார்.